ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு

பிப்ரவரி 14

அண்ணனுக்கு,

மூன்று வருஷம் எழுதாதவள் இன்றைக்கு எழுதுகிறாளே, மனசு மாறிவிட்டாளோ என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவுக்காக எழுதுகிறேன்.

அம்மா நாயைக் கேட்கிறாள். கண் விழித்ததும் "மேஸ்திரி எங்கே? சோறு வெச்சியா?" என்பதுதான் முதல் பேச்சு. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பும்வரை இருபது தடவை கேட்பாள், வேலை முடிந்து வந்தபின் இன்னொரு இருபது தடவை. "தூங்குதும்மா" என்று ஒரு நாள் சமாளித்தேன். "மூணு வருஷமாவா தூங்குது?" என்றாள். எல்லாவற்றையும் மறந்தவளுக்கு அந்தக் கணக்கு மட்டும் எப்படி நின்றதோ தெரியவில்லை.

என்னை அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை. சலவைக்கூடத்து வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு "சிஸ்டர்" என்கிறாள். நானும் சிஸ்டராகவே மாத்திரை கொடுக்கிறேன். மகள் கொடுத்தால் துப்புகிறாள், சிஸ்டர் கொடுத்தால் விழுங்குகிறாள்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நாளை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. கேக்கிறதைச் செஞ்சு குடுங்க" என்றார். அதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டியதில்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னை அவள் கேட்கவில்லை, நாயைத்தான் கேட்கிறாள். நாயைக் கொண்டு வா.

தங்கை

பிப்ரவரி 22

பாப்பா,

உன் கையெழுத்தை உறை மேலே பார்த்ததும் பிரிக்கப் பயந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்தேன். அப்புறம்தான் பிரித்தேன். நல்ல சேதி இல்லைதான், ஆனாலும் நீ எழுதினாயே.

மேஸ்திரிக்குப் பதிமூன்று வயசு ஆகிறது. பின்னங்கால் ஒன்று இழுக்கிறது, ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அதிகாரம் மட்டும் குறையவில்லை. வீட்டுக்குச் சுவர் வைத்த காலத்தில் குட்டியாக மணல் மேல் உட்கார்ந்து கொத்தனார்களை மேற்பார்வை பார்த்தானே, அதே தோரணையில்தான் இன்றைக்கும் நான் சமைப்பதைப் பார்க்கிறான். ரயிலில் கேட்டேன். சாமான் பெட்டியில் போட்டால் அனுப்பலாம் என்றார்கள். "அது சாமான் இல்லைங்க, எங்கம்மா வளர்த்த நாய்" என்றேன். சிரித்தார்கள்.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன், திட்டாதே. நான் கடைசியாக ஓட்டிய மினி பஸ்ஸை டிப்போவில் கழித்துக் கட்டியபோது நானே ஏலத்தில் எடுத்திருந்தேன். இப்போது சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்கிற மாதிரி பலகை அடித்திருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், ஜன்னலுக்கு அம்மாவின் பழைய போர்வைத் துணியில் திரை. ஓடுகிற வீடு. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆன டிரைவருக்கு ரிட்டயர் ஆன பஸ், ரெண்டுல எது முதல்ல நிக்குதுன்னு பாப்போம்" என்று ஆசீர்வாதம் பண்ணினான்.

ஆயிரத்து நூறு கிலோமீட்டர். மேஸ்திரியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறக்கி நடத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பதுக்கு மேல் ஓட்ட முடியாது. மார்ச் பத்தாம் தேதி கிளம்புகிறேன். வழியில் தங்குவது பஸ் டிப்போக்களில். எல்லா டிப்போவிலும் டைம் கீப்பர் எவனாவது பழக்கம், கடிதம் வந்தால் வாங்கி வைப்பான். எந்தத் தேதியில் எந்த டிப்போ என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடைசி டிப்போ உன் ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். உன் வீட்டுக்குக் கீழே இருக்கிற மளிகைக் கடைப் போனில் கூப்பிட மாட்டேன். தெருவே கூடிக் கேட்டது என்று போன தடவை நீ சொன்னது காதிலேயே இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 2

அண்ணனுக்கு,

பாப்பா என்று எழுத வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு.

இருப்பது மூன்றாவது மாடி. நாய்க்கு அனுமதி கிடையாது. அதனால்தான் அன்றைக்கு அவனை உன்னிடம் விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஹவுஸ் ஓனர் முதல் மாடியில் குடியிருக்கிறார். படியில் ஒரு முடி கிடந்தால்கூடக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுகிற ஆள். இந்த நிலைமையில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நான் வேறு வீடு தேட முடியாது.

மார்ச் இருபதாம் தேதி சனிக்கிழமை ராத்திரி அவர் மகள் வீட்டுக்குப் போகிறார், திங்கட்கிழமை மத்தியானம் திரும்புவார். ஆகவே நீ வர வேண்டியது இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒரு நாள் முன்னாலும் வேண்டாம், ஒரு மணி நேரம் பின்னாலும் வேண்டாம். சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். உனக்குச் சாப்பாடு வைப்பேன், பேச்சு வைக்க மாட்டேன்.

நேரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்றவள் மழையில் நின்று கை காட்டியும் நிறுத்தாமல் போன வண்டி உன் வண்டி. அவ்வளவு கறார் உள்ளவன் இந்த ஒரு நேரத்தையும் காப்பாற்று.

தங்கை

மார்ச் 12

பாப்பா,

ஐம்பத்திரண்டானாலும் எனக்கு நீ ஆறு வயசு இளையவள்தான். மாற்றிக் கூப்பிட வாய் வரவில்லை.

இரண்டாவது டிப்போவில் நிற்கிறேன். நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்காகக் கடைசி டிப்போவில் இருபதாம் தேதிவரை இருப்பேன். நேற்று ஒரு டயர் போனது. ஜாக்கியைப் போட்டுத் தூக்கும்வரை மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து வேலை சரியா என்று பார்த்தான். பழைய நட்டை நான் கீழே வைத்ததும் அதன் மேல் காலை வைத்துக்கொண்டான், உருண்டு போகாமல். உதவியா, தற்செயலா, தெரியாது. நான் உதவி என்றே எடுத்துக்கொண்டேன். ராத்திரி என் பலகையில் ஏறப் பார்ப்பான், கால் எட்டாது, தூக்கிப் போடச் சொல்லி இருமுவான். குரைப்பதே குறைந்துவிட்டது, எப்போதாவது ஒன்றுதான், அதுவும் கட்டையாக.

உன் கடிதத்தில் மழை என்று எழுதியிருந்தாய். மூன்று வருஷமாக நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. எழுதினால் என்னைப் பாதியில் நிறுத்த உன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அது பாலம். பாலத்தின் மேல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. பின்னால் இரண்டு லாரி, உள்ளே நாற்பத்திரண்டு பேர். வைப்பர் ஒரு தடவை துடைத்தபோது அம்மா தெரிந்தாள். நைட்டியோடு, நனைந்துபோய், ஒரு கையில் மேஸ்திரியின் கயிறு, இன்னொரு கையை ஆட்டிக்கொண்டு. அடுத்த தடவை வைப்பர் துடைத்தபோது வண்டி அவளைத் தாண்டிவிட்டது. ஸ்டாண்டு அங்கிருந்து பதினோரு நிமிஷம். போய்ச் சேர்ந்ததும் டைம் கீப்பரிடம் வேறு டிரைவரைப் போடச் சொல்லிவிட்டு ஓடினேன். அதற்குள் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. மேஸ்திரி அவள் தலைமாட்டில் நின்று குரைத்துக்கொண்டிருந்தான்.

நிறுத்தியிருக்கலாம். வேலை போயிருந்தாலும் போயிருக்கட்டும். அதை நினைக்காமல் நான் ஒரு ராத்திரியும் படுத்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தப்பித்தவறிக்கூட அவள் வாயில் என் பேர் வருவதில்லையா?

அண்ணன்

மார்ச் 14

அண்ணனுக்கு,

வருவதில்லை.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டேன், அதனால் இன்னும் நாலு வரி.

நைட்டியோடு நின்றாள் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே ஒரு நாளைக்கு ஐந்நூறு விரிப்பு மடிக்கிறேன், யார் யாரோ படுத்தது. மடிக்கும்போது கைக்கு வேலை, மனசுக்கு வேலையில்லை, அதனால் உன்னைத் திட்டிக்கொண்டே மடிப்பேன். நேற்று திட்டு வரவில்லை. மடிப்பும் சரியாக வரவில்லை. சூப்பர்வைசர் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா ரொம்ப மெலிந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்தால் கையில் கனமே இல்லை. பார்த்ததும் முகத்தைக் கோணாதே. நாய்க்குச் சளி இருந்தால் மருந்து வாங்கிக் கொடு, இருமலோடு கொண்டுவராதே.

ஞாயிறு பத்து மணி. நினைவிருக்கட்டும்.

தங்கை

மார்ச் 18

பாப்பா,

இதைப் படிக்கும்போது நான் வந்து போயிருப்பேன். சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசி டிப்போவில் இருபதாம் தேதிவரை இருப்பதாகத்தான் எழுதியிருந்தேன். முடியவில்லை. அங்கே விடிய விடிய பஸ் கழுவுகிறார்கள், தண்ணீர் பீய்ச்சும் சத்தத்துக்கு மேஸ்திரி நடுங்குகிறான். நேற்று அங்கே உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு, இன்று விடியற்காலையில் கிளம்பிவிட்டேன். இப்போது நிற்பது உன் ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் லாரிகள் நிற்கிற மைதானம். உன் தெரு இங்கிருந்து எட்டு கிலோமீட்டர் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

பயப்படாதே, வந்து நிற்க மாட்டேன். சீக்கிரம் வந்த வண்டி ஸ்டாண்டுக்கு வெளியே ஒதுங்கி நின்று, நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழையும். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் நுழைந்தேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட நீ குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை மேஸ்திரியைக் குளிப்பாட்டுகிறேன். எனக்கும் ஒரு சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் என்ன பேசுவது என்று இவனிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "அம்மா, நான் பெரியவன் வந்திருக்கேன்" என்பேன். தெரியவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். "யாருப்பா நீ?" என்று கேட்டால், "மேஸ்திரியோட டிரைவருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்பேன். அது போதும் எனக்கு.

அண்ணன்

மார்ச் 19, காலை

அண்ணா,

எந்த நாளும் பார்க்க வேண்டாம். இதைப் படித்த உடனே வண்டியை எடு. தபாலை நம்பாமல் எட்டேகால் பஸ் கண்டக்டர் கையில் கொடுக்கிறேன், மத்தியானத்துக்குள் டிப்போவில் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

இன்று விடியும்போது அம்மா என்னைப் பார்த்து, "பாப்பா, ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பாப்பா. அப்புறம், "பெரியவன் டூட்டி முடிஞ்சு வந்துட்டானா?" என்றாள்.

"வந்துட்டே இருக்கான்மா" என்றேன்.

"பாவம்டி. அன்னைக்கு மழையாச்சேன்னு குடை குடுக்கலாம்னு போனேன். பாதி வழியிலதான் பார்க்கிறேன், குடையை வீட்லயே வெச்சுட்டு நாயைப் புடிச்சுட்டு வந்திருக்கேன். வண்டி வருது. அவன் என்னைப் பார்த்துட்டு எங்கே நிறுத்திருவானோன்னு போ போன்னு கையைக் காட்டினேன். நல்லவேளை, போயிட்டான்."

அண்ணா, அவள் கை காட்டியது நிற்கச் சொல்லி இல்லை. போகச் சொல்லி.

கீழ்வீட்டம்மாவை இன்று பூராவும் கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறேன், நானும் லீவு போட்டுவிட்டேன். டாக்டர் வந்து பார்த்தார், முகம் சரியில்லை. ஹவுஸ் ஓனர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நாயோடு வா. பெரியவன் பெரியவன் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பாப்பா

மார்ச் 22

பாப்பா,

நேற்று உன் வீட்டிலிருந்து இறங்கி, வழியில் ஒரு மரத்தடியில் வண்டியைப் போட்டுக் கிடந்துவிட்டு, இன்று காலை இந்தக் கடைசி டிப்போவுக்கு வந்தேன். டைம் கீப்பர் ஓடி வந்து, "எங்கேண்ணே போயிட்டீங்க, வெள்ளிக்கிழமையிலேருந்து வெச்சிருக்கேன்" என்று உன் கடிதத்தைக் கொடுத்தான். பஸ் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. எனக்குத்தான் என்று ரொம்ப நேரம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த எட்டேகால் பஸ் லாரி மைதானத்தைத் தாண்டித்தான் போனது. டிரைவருக்குக் கை காட்டினேன். அவரும் ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று சொல்லாமல் மறைத்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதியே நான் உன் ஊரில் இருந்தேன். ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். நேற்று காலை சரியாகப் பத்து மணிக்கு மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது வாசலில் அத்தனை செருப்பு கிடந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்ட அம்மாவை எனக்காக வைத்திருந்தாய். "இப்பவும் நேரத்துக்குத்தான் வந்திருக்கே" என்றாய். அதற்கு மேல் நான் எந்த வாயால் சொல்வது? அவளைச் சுமந்தேன், திரும்பி வந்தேன், கிளம்பினேன். மேஸ்திரி அம்மாவின் கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை. கயிற்றைப் பிடித்தேன், முதன்முதலாக என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். விட்டுவிட்டேன். உனக்கு அதனால் தொந்தரவு வரும் என்று தெரியும்.

இன்னொன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேஸ்திரியோடு ஒரு ஆட்டோவில் உன் தெருவுக்கு வந்தேன். வீட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை தடுமாற வேண்டாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் தையல் கடை வாசலில் நின்றேன். மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது. நீ பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். இளைத்துத்தான் போயிருந்தாய். மேஸ்திரி மேலே பார்த்து ஒரு தடவை குரைத்தான். நீ பார்த்துவிடுவாய் என்று அவன் வாயைப் பொத்தினேன். கால் மணி நேரம் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று திரும்பிவிட்டேன்.

நேரத்துக்காக மட்டும் நிற்கவில்லை, பாப்பா. "யாரு நீ?" என்று அவள் கேட்பாளே என்று பயம். அதை இரண்டு நாள் தள்ளிப்போட ஒரு தேதி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தது என்னை.

இங்கிருந்து மேற்கொண்டு வண்டியை எடுக்கக் கை வரவில்லை. இங்கேயே நிற்கிறேன்.

அண்ணன்

மார்ச் 26

அண்ணா,

உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டதாம். அன்றைக்கு வீடு இருந்த நிலையில் கீழ்வீட்டம்மா வாங்கி வைத்துவிட்டு மறந்துபோய், செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள். கையெழுத்தைக் கவனிக்காமல், என் ஊர்த் தபால் முத்திரையைப் பார்த்து யாரோ இரங்கல் எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்தேன். எட்டு கிலோமீட்டர் என்ற வரிக்கு வந்ததும் அதைச் சுவரில் எறிந்தேன். உன்னை என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னேன். மேஸ்திரி கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்றே உனக்கு எழுதியிருந்தால் இந்த ஜென்மத்துக்கு நாம் பேசியிருக்க மாட்டோம். நல்லவேளை, வீட்டில் உறை இல்லை.

இன்று உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தானாக உட்கார்ந்து எத்தனையோ மாதம். "மேஸ்திரி குரைக்கிறான், கதவைத் திற" என்றாள்.

"அது தெரு நாய்ம்மா, படு" என்றேன்.

"என் நாய் குரல் எனக்குத் தெரியாதா? பெரியவன் வந்துட்டான். கீழே நிக்கிறான். போய்ப் பாரு."

"அவன் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்ல இருக்கான்மா. சேதி அனுப்பியிருக்கேன், வந்துருவான்" என்றேன். திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. எத்தனையோ மாதமாக இல்லாததையெல்லாம் பேசுகிறவள், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தேன். குளிர் காற்று வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "நனையப் போறான்" என்றாள். மழையே இல்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

நீ எதிர்ப்பக்கம் நின்றாய். நான் ஆறடி தள்ளியிருந்த பால்கனிக்குப் போய் எட்டிப் பார்க்கவில்லை. நீ பாலத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று மூன்று வருஷம் பேசினேன் அண்ணா. நான் திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினேன். அவள் சொன்னது உண்மை. அவளிடம் கடைசியாகப் பொய் சொன்னது நான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. திரும்ப எடுக்க வழி தெரியவில்லை.

ஹவுஸ் ஓனர் திங்கட்கிழமை மத்தியானமே மேலே வந்துவிட்டார். "உள்ள நாய் இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். பொய் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பார் போல. மாதக் கடைசிக்குள் நாய் போக வேண்டும் என்றார். நானும் சேர்ந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சலவைக்கூடத்திலும் சொல்லியாகிவிட்டது.

மேஸ்திரி சாப்பிடுவதில்லை. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு கையைத் தொங்கவிட்டால் மட்டும் வந்து இரண்டு வாய் தின்கிறான். அதனால் அம்மாவின் கட்டிலில்தான் படுக்கிறேன். கட்டிலை மூன்று மாடி இறக்க இரண்டு ஆள் வேண்டும், எனக்குத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

வண்டியை எடு. தெரு உனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்காதே, மேலே ஏறி வா.

பாப்பா